முதலில் காது, அப்புறம்தான் கேமரா

கேள்வி சுருக்கமாக இது: “கனடாவின் பூர்வகுடி மக்கள், உறைவிடப் பள்ளிகளில் தங்களுக்கு நடந்த கொடுமைகளைத் தாங்களே ஆவணப்படங்களாக எடுக்கிறார்கள். உண்மை வெளியே வரும் என்பது புரிகிறது. ஆனால் மனக்காயம் ஆறும் என்றும் சொல்கிறார்களே, அது எப்படி? பழைய புண்ணைக் கிளறுவதாகாதா?”

கேட்க வேண்டிய கேள்விதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் எடுப்பதால் மட்டும் யாருக்கும் மனம் ஆறிவிடாது. மோசமாக எடுத்த படம் புண்ணை இன்னும் ஆழமாக்கும். ஆனால் ஆற்றிய படங்களும் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு விஷயம் தவறாமல் தெரியும்: கதையின் கடிவாளம் சொல்கிறவரின் கையில் இருந்திருக்கிறது. எப்போது வாய் திறப்பது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது, முடிந்த படத்தை யார் முதலில் பார்ப்பது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்திருக்கிறார்.

“பழைய புண்” என்ற சொல்லிலும் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய புண் என்றால் ஆறித் தழும்பானது என்று நினைத்துக்கொள்கிறோம். இது மேலே தோல் மூடி உள்ளே புரையோடிப்போன புண். 1870கள் முதல் 1990கள் வரை சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசின் பணத்தில் தேவாலயங்கள் நடத்திய பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். 1920இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம், பிள்ளையை அனுப்ப மறுக்கும் பெற்றோரைத் தண்டிக்கவும் வழி செய்தது. தாய்மொழியில் பேசினால் அடி. பட்டினி, நோய், பாலியல் வன்கொடுமை எல்லாம் இருந்தன. வீடு திரும்பாத குழந்தைகள் என்று பெயர் தெரிந்தவர்களே 4,000க்கும் மேல். திரும்பி வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. ஏன் அப்பா இப்படிக் குடிக்கிறார், ஏன் அம்மா நம்மை அணைத்துக்கொள்வதே இல்லை என்று தெரியாமலே அடுத்த தலைமுறை வளர்ந்தது. கிளற வேண்டுமா என்று கேட்கும்போது, கிளறாமல் விட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சரி, அதற்கு ஏன் கேமரா? எழுதலாம், சாட்சி சொல்லலாம், வழக்குப் போடலாம். இவையெல்லாமும் நடந்தன. ஆனால் இந்த மக்களுக்கு எதிராகப் பொய் சொல்லக் கேமராவே நெடுங்காலம் பயன்பட்டது என்பதை மறந்துவிட முடியாது. பூர்வகுடிகளை ‘இந்தியர்’ என்று அழைத்த கனடா அரசின் ‘இந்திய விவகாரத் துறை’ 1896இல் வெளியிட்ட அறிக்கையில் தாமஸ் மூர் என்ற சிறுவனின் இரண்டு புகைப்படங்கள் வந்தன. ரெஜைனாவில் இருந்த தொழிற்பள்ளியில் படித்தவன். முதல் படத்தில் நீண்ட சடைகள், மணிகள் கோத்த உடை, கையில் ஒரு கைத்துப்பாக்கி. இரண்டாவதில் ஒட்ட வெட்டிய முடி, கழுத்துவரை பித்தான் போட்ட சீருடை, நிமிர்ந்த நிற்பு. “பள்ளிக்கு முன்”, “பள்ளிக்குப் பின்”. ஒரு குழந்தையின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து நிற்கவைத்து, இவனைத்தான் நாங்கள் மனிதனாக்கினோம் என்று அரசு அச்சிட்டுக் காட்டியது. அந்தச் சிறுவன் என்ன நினைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதி வைக்கவில்லை.

சினிமாவும் அதே வழியில்தான் தொடங்கியது. கனடாவின் வடக்கே வாழும் இனுயிட் பூர்வகுடிகளைப் பற்றி 1922இல் வந்த ‘நானூக் ஆஃப் த நார்த்’ உலகின் முதல் பெரிய ஆவணப்படம் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அதன் நாயகனின் உண்மைப் பெயர் நானூக் இல்லை, அல்லகாரியால்லாக். துப்பாக்கியால் வேட்டையாடிப் பழகிய மனிதரை ஈட்டி பிடிக்கவைத்தார்கள். இசைத்தட்டை முதல்முறை பார்ப்பவர்போல அதைக் கடித்துப் பார்க்கவைத்தார்கள். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தன் வாழ்க்கையைப் பற்றி அவர் சொல்ல நினைத்த எதுவும் அதில் இல்லை. இப்படிப்பட்ட வரலாற்றுக்குப் பிறகு அதே மக்கள் கேமராவைத் தங்கள் கையில் வாங்குவது, பறிபோன முகத்தைத் திரும்ப வாங்குவதற்குச் சமம். ஆறுதலின் முதல் படி அங்கேயே தொடங்கிவிடுகிறது என்று நான் நம்புகிறேன்.

அதுவும் எளிதாக நடந்துவிடவில்லை. 1968இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் பூர்வகுடி இளைஞர்கள் சிலரைச் சேர்த்து ஒரு படக்குழுவை உருவாக்கியது. அந்த டிசம்பரில் அக்வெசாஸ்னே மொஹாக் மக்கள், தாங்கள் கொண்டுவரும் பொருள்களுக்குச் சுங்கம் விதிப்பதை எதிர்த்து கனடா-அமெரிக்க எல்லைப் பாலத்தை மறித்தார்கள். அந்தக் குழுவில் இருந்த மைக் மிட்செல் அதே சமூகத்தைச் சேர்ந்தவர், போராட்டத்தில் முன்னால் நின்றவர். அங்கே எடுத்தது ‘யூ ஆர் ஆன் இண்டியன் லேண்ட்’ என்ற படமாக 1969இல் வந்தது. ஆனால் இயக்குநர் என்று வேறொருவர் பெயர்தான் பல காலம் இருந்தது. 2017இல்தான் வாரியம் அதை மிட்செல்லின் பெயருக்கு மாற்றியது. உண்மையைச் சொல்ல எடுத்த படத்தின் சொந்த உண்மை வெளிவரவே ஏறக்குறைய 50 வருடம் ஆனது.

இந்தப் பாதையில் எல்லோருக்கும் மூத்தவர் அலானிஸ் ஒபோம்சாவின். அபெனாகி இனத்தவர், 1932இல் பிறந்தவர், கியூபெக்கில் ஒடனாக்கில் வளர்ந்தவர். பாடகராகவும் கதை சொல்பவராகவும் இருந்தவரை 1967இல் திரைப்பட வாரியம் ஆலோசகராக அழைத்தது. பிறகு 50க்கும் மேற்பட்ட படங்களை எடுத்துவிட்டார். அவருடைய வேலைமுறைதான் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி. ஒருவரைப் படமெடுக்கப் போகும்போது முதலில் அவர் கேமராவைக் கொண்டுபோவதில்லை. ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு தனியாகப் போய் உட்காருவார். அந்த மனிதர் பேசப் பேச மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். படக்குழு வருவது அதற்கெல்லாம் பிறகுதான். சில படங்களில் அந்த முதல் நாள் குரலையே பயன்படுத்தியிருக்கிறார்.

இது ஏதோ தொழில் நுணுக்கம்போலத் தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். உறைவிடப் பள்ளியில் படித்த ஒருவருக்கு, தன்னைக் கேள்வி கேட்ட அதிகாரிகள் எல்லோரும் எப்படி இருந்தார்கள்? கையில் காகிதம், முகத்தில் அவசரம். பதில் என்னவாக இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்தவர்கள். விளக்கும் லென்சும் மூன்று நான்கு அந்நியர்களும் சூழ்ந்து நின்று “சொல்லுங்கள்” என்றால் அந்தப் பழைய அறைதான் திரும்ப வரும். ஒரே ஒருவர் எதிரில் உட்கார்ந்து அவசரப்படாமல் கேட்பது அவருக்குப் புது அனுபவம். என்னைக் கேட்டால், அந்தக் கேட்பில்தான் மருந்தே இருக்கிறது.

அவருடைய முதல் படம் 1971இல் வந்த ‘கிறிஸ்மஸ் அட் மூஸ் ஃபேக்டரி’. 13 நிமிடம்தான். ஜேம்ஸ் விரிகுடாவின் ஓரத்தில் ஓர் உறைவிடப் பள்ளி, அங்கே கிரீ இனக் குழந்தைகள். அவர் குழந்தைகளைப் பேட்டி எடுக்கவில்லை. கிரேயான் கொடுத்து வரையச் சொன்னார். கேமரா அந்தப் படங்களின் மேல் மெதுவாக நகர்கிறது: பனி, வீடுகள், நாய்கள், பண்டிகை. பின்னணியில் குழந்தைகளின் குரல்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்கின்றன. கொடுமை என்ற சொல் ஒரு தடவைகூட வருவதில்லை. ஆனால் பிள்ளைகள் வீட்டை வரைகிற விதத்திலேயே அவர்கள் அங்கே இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. குழந்தையிடம் வலியைப் பிடுங்கி எடுக்காமலே உண்மையைச் சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

உண்மையைப் பதிவு செய்வது, ஆறுதல் தருவது என்ற இரண்டும் எப்படி ஒன்றுக்குள் ஒன்று வேலை செய்கின்றன என்பதற்கு 1990 ஓகா போராட்டத்தைப் பார்க்கலாம். கியூபெக்கின் ஓகா நகராட்சி, ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பெரிதாக்க கானசடாகே மொஹாக் மக்களின் பைன் தோப்பைக் கேட்டது. அவர்களுடைய இடுகாடும் அங்கேதான். மக்கள் பாதையை மறித்தார்கள். ஜூலை 11 காலை மாகாணப் போலீஸ் உள்ளே நுழைந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஒரு போலீஸ்காரர் இறந்தார். பிறகு ராணுவம் வந்தது. 78 நாள் முற்றுகை. செய்தி கேட்டதும் ஒபோம்சாவின் கிளம்பிப் போய்த் தடுப்புக்கு உள்ளே இருந்துகொண்டார். 1993இல் ‘கானசடாகே: 270 இயர்ஸ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்’ வந்தது. 1717இல் பிரெஞ்சு அரசு அந்த நிலத்தைப் பாதிரிமார் சபை ஒன்றுக்கு எழுதிக்கொடுத்ததிலிருந்து அவர் கதையைத் தொடங்குகிறார். அன்றாடச் செய்திகளில் அது முகமூடியும் துப்பாக்கியுமாகத் தெரிந்தது. இந்தப் படத்தில் நிலத்தின் கணக்காகத் தெரிந்தது. இது உண்மைப் பக்கம்.

ஆறுதல் பக்கத்துக்கு அவர் இன்னும் ஏழு வருடம் எடுத்துக்கொண்டார். அதே 1990இல், ஆகஸ்ட் 28 அன்று, ராணுவம் நுழையலாம் என்று பயந்து, இன்னொரு மொஹாக் ஊரான கானவாகேயிலிருந்து பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் 75 கார்களில் மெர்சியர் பாலம் வழியாக வெளியேறினார்கள். பாலத்தைத் தாண்டியதும் ஒரு கும்பல் காத்திருந்து கல்லெறிந்தது. ‘ராக்ஸ் அட் விஸ்கி ட்ரெஞ்ச்’ என்ற படம் 2000இல் வந்தபோது அந்தக் கார்களில் இருந்தவர்கள் பேசினார்கள். உடைந்து விழுந்த கண்ணாடி, பிள்ளைகளின் மேல் கவிழ்ந்துகொண்ட அம்மாக்கள், பக்கத்திலேயே போலீஸ் நின்றும் யாரும் தடுக்காதது. அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இப்போது வளர்ந்தவர்கள். உடனே போய் மைக்கை நீட்டியிருந்தால் அழுகைதான் கிடைத்திருக்கும். பத்து வருடம் கழித்துப் பேசும்போது அவர்களுக்கு வார்த்தை இருந்தது, கோபத்துக்கு ஒரு வடிவம் இருந்தது. எனக்கு மட்டும்தான் அப்படி நடந்தது என்று தனித்தனியே சுமந்துகொண்டிருந்தவர்கள், திரையில் ஒருவர் கதையை ஒருவர் கேட்டார்கள். காலத்தைக் கொடுப்பதும் இந்தக் கலையின் ஒரு பகுதி.

தனிமனித ஆறுதலோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை, வேறு சில படங்கள் நேரே அதிகாரத்தின் சட்டையைப் பிடிக்கின்றன. ஆல்பர்ட்டாவில் ரிச்சர்ட் கார்டினல் என்ற மேத்தி இன (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு வம்சாவளி) சிறுவன், நான்கு வயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு 28 வளர்ப்பு வீடுகளிலும் காப்பகங்களிலும் மாற்றி மாற்றி வைக்கப்பட்டான். 1984இல் 17 வயதில் தற்கொலை செய்துகொண்டான். அவன் எழுதிய நாட்குறிப்பை வைத்தே 1986இல் ஒபோம்சாவின் படம் செய்தார். குழந்தை நலத்துறையினரும் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. அவனுக்கு எந்த ஆறுதலும் இல்லை, அவன் போய்விட்டான். ஆனால் கோப்பில் வெறும் எண்ணாக இருந்தவன், தன் சொந்த வாக்கியங்களோடு மனிதனாகத் திரும்பி வந்தான். செத்தவர்களுக்கு நாம் செய்யக்கூடியது பெரும்பாலும் அவ்வளவுதான். அதுவும் சின்ன விஷயம் இல்லை.

இனி, உங்கள் சந்தேகத்தின் நியாயமான பகுதிக்கு வருகிறேன். கிளறுவது உண்மையிலேயே ஆபத்தானது. உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2008 முதல் 2015 வரை நாடெங்கும் 6,500க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டது. அதன் கூட்டங்களில் பேசுகிறவருக்குத் துணையாக மனநல உதவியாளர்கள் எப்போதும் இருந்தார்கள். கண்ணீர் துடைத்த காகிதங்களைக்கூடக் குப்பையில் போடவில்லை. கூடைகளில் சேகரித்து, கூட்டத்துக்காக மூட்டி வைத்த புனித நெருப்பில் சேர்த்தார்கள். கண்ணீருக்கும் மரியாதை உண்டு என்று காட்டிய செயல் அது. ஆவணப்படம் எடுக்கிறவர்கள் எத்தனை பேர் இந்த அளவுக்கு யோசிக்கிறோம்? அழுகிற முகத்துக்கு நெருக்கமாக லென்சைக் கொண்டுபோகத்தான் கை துடிக்கும். அந்தக் காட்சிதான் விழாக்களில் பேசப்படும், நிதி கொடுப்பவர்களும் அதைத்தான் கேட்பார்கள். வலியை மட்டுமே வாங்குகிற சந்தை ஒன்று இருக்கிறது. அதற்கு விற்பதற்காக எடுக்கிற படம் யாரையும் ஆற்றாது.

பேசாமல் இருக்கும் உரிமையும் உண்மையின் பகுதிதான். உறைவிடப் பள்ளிகளில் இருந்தவர்கள் சுமார் 38,000 பேர், இழப்பீட்டுக்காகத் தங்களுக்கு நடந்த வன்கொடுமைகளை மூடிய அறையில் சொன்னார்கள். அந்தப் பதிவுகளை என்ன செய்வது என்று பெரிய வழக்கு நடந்தது. வரலாற்றுக்காகக் காப்பாற்ற வேண்டும் என்றது ஒரு தரப்பு. 2017இல் கனடா உச்ச நீதிமன்றம், சொன்னவர் விரும்பினால் பாதுகாக்கலாம், இல்லையென்றால் 15 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வரலாற்று ஆர்வம் உள்ள எனக்கு அது முதலில் நெஞ்சைப் பிசைந்தது. இவ்வளவு சாட்சியமும் போய்விடுமா என்று தோன்றியது. பிறகு யோசித்தபோது, ரகசியம் என்று சொல்லி வாங்கிய வார்த்தையை நாடு இன்னொரு முறை மீறக் கூடாது என்பதுதான் சரியென்று பட்டது.

அண்மைக் காலத்தில் இந்த எல்லைக்கோட்டைக் கவனமாக நடந்து காட்டிய படம் 2024இல் வந்த ‘சுகர்கேன்’. ஜூலியன் பிரேவ் நாய்ஸ்கேட்டும் எமிலி காசியும் இயக்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வில்லியம்ஸ் லேக் அருகே இருந்த செயின்ட் ஜோசப்ஸ் மிஷன் பள்ளியைப் பற்றியது. ஜூலியனின் அப்பா எட் அந்தப் பள்ளியில் பிறந்தவர். பிறந்த குழந்தையைக் குப்பை எரிக்கும் உலையிலிருந்து உயிரோடு எடுத்தார்கள். அதன் முழு விவரம் அவருக்கே தெரியாது. தன் குடும்பக் கதையைப் படத்தில் வைப்பதா என்பதில் ஜூலியனுக்குத் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. பிறகு அப்பாவோடு ஒரே வீட்டில் குடியேறினார். சிறுவயதில் தன்னை விட்டுப்போன அப்பாவிடம், ஏன் போனாய் என்று மகன் கேட்கிறான். கைவிடப்பட்டவரே கைவிட்டவராகவும் ஆன கதை அது. அதில் யார் யாரை மன்னிப்பது? படம் அதற்கு அவசரமாகப் பதில் சொல்வதில்லை. எட்டைப் பெற்ற பாட்டியின் விஷயத்தில் அது காட்டும் பொறுமை இன்னும் பெரிது. நடந்ததைப் பேசுவது அவருக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. படம் அவரை வற்புறுத்தவில்லை. பார்க்கிற நமக்கு விடை முழுதாகக் கிடைப்பதில்லை. கிடைக்காததுதான் நியாயம். அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, படத்தை எடுத்துக்கொண்டு பூர்வகுடிக் குடியிருப்புகளுக்கே போய்த் திரையிட்டார்கள் என்பது.

இங்கே உண்மை பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் உறைவிடப் பள்ளி வளாகத்தில், நிலத்தடி ரேடார் ஆய்வில் 215 குழந்தைகளின் எச்சங்கள் தெரிந்ததாக அறிவிப்பு வந்தது. அந்த ஜூலையில் அது, புதைகுழிகளாக இருக்கக்கூடிய சுமார் 200 இடங்கள் என்று திருத்தப்பட்டது. ரேடார் காட்டுவது மண் கலைந்திருப்பதை, உடல்களை அல்ல. சில செய்திகளும் அவசரப்பட்டு “உடல்கள் கிடைத்தன” என்று எழுதின. அந்த ஒரு சொல் பிழையைப் பிடித்துக்கொண்டு, எதுவுமே நடக்கவில்லை என்று வாதிடுகிறவர்கள் பின்னால் வந்தார்கள். அதனால்தான் இந்தத் துறையில் சொல்லை அளந்து பேச வேண்டும் என்கிறேன். இருப்பதை மிகைப்படுத்தினால் மறுப்பவன் கையில் ஆயுதத்தைக் கொடுத்ததாகிவிடும்.

நீங்களே இப்படி ஒரு படம் எடுக்க நினைக்கிறீர்கள் என்றால், எனக்கு முக்கியமாகத் தோன்றுபவை இவை. ஒப்புதல் என்பது முதல் நாள் வாங்கும் கையெழுத்தோடு முடிவதில்லை. படப்பிடிப்பில் ஒரு தடவை, தொகுத்த பிறகு ஒரு தடவை, வெளியிடும் முன் ஒரு தடவை கேட்க வேண்டும். இடையில் அவர் வேண்டாம் என்றால் அந்தப் பகுதி போக வேண்டும், எவ்வளவு அருமையான காட்சியாக இருந்தாலும். பூர்வகுடித் தரவுகள் பற்றி 1998 முதல் கனடாவில் நான்கு கொள்கைகள் பேசப்படுகின்றன: உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம். நீங்கள் எடுத்த முழுப் பதிவுக்கும் இவை பொருந்தும். வெட்டிப்போட்ட காட்சிகளில்தான் ஒரு பேத்தி தன் பாட்டியின் மொழியைக் கேட்கப்போகிறாள், அதனால் அந்தப் பிரதி சமூகத்திடம் போய்ச் சேர வேண்டும். அப்புறம், பேட்டி முடிந்த அன்று இரவு அவருடன் யார் இருப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவீர்கள், அவர் அந்த நினைவோடு வீட்டில் இருப்பார்.

வெளியிலிருந்து வந்தவர் எடுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். எடுக்கலாம். எமிலி காசி பூர்வகுடி அல்ல. ஆனால் கூடவே உள்ளிருந்து ஒருவர் சமமான அதிகாரத்தோடு இருந்தார். ஆலோசகர் என்று பெயரளவில் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது அதற்கு ஈடாகாது.

கடைசியாக ஒரு படம். 2017இல் ஒபோம்சாவின் ‘அவர் பீப்புள் வில் பி ஹீல்டு’ எடுத்தார். அவருடைய 50ஆவது படம். வின்னிபெக்குக்கு வடக்கே நார்வே ஹவுஸ் என்ற கிரீ ஊர். அங்கே இருக்கும் பள்ளிக்கு ஹெலன் பெட்டி ஆஸ்பர்ன் என்று பெயர். அந்த ஊர்ப் பெண். மேல்படிப்புக்காக ஊரை விட்டுப் போய், ஆசிரியராக வேண்டும் என்ற ஆசையோடு படித்துக்கொண்டிருந்தவள். 1971 நவம்பரில், 19 வயதில், த பாஸ் நகரில் கடத்திக் கொலை செய்யப்பட்டாள். சம்பந்தப்பட்ட நான்கு பேரில் ஒருவனுக்கு மட்டும், அதுவும் 16 வருடம் கழித்து, தண்டனை கிடைத்தது. படம் அந்தக் கதையைச் சொல்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி அந்தப் பள்ளியின் ஒரு சாதாரண நாள். பிள்ளைகள் சொந்த ஊரிலேயே படிக்கிறார்கள், வகுப்பில் கிரீ மொழி கேட்கிறது, ஓர் அறையில் சிறுவர்கள் வரிசையாக நின்று வயலின் வாசிக்கிறார்கள். சுருதி அங்கங்கே பிசகுகிறது. ஒபோம்சாவின் கேமராவை அங்கிருந்து நகர்த்தாமல் பாட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.